ஆராய்ச்சிச் சமூகமும் அறக்கடனும்

கணிதத்தைத் தனித்திருந்து கற்கலாம். கணித ஆராய்ச்சியைத் தனித்திருந்து பழகுதல் அரிது. தேற்றங்களை நூல்கள் கற்பிக்கும். எவ்வினா ஆராயத்தக்கது, இயற்கைத் தோற்றமொன்றைச் சமன்பாடாக்கும்போது எதனைப் புறக்கணிக்கலாம் என்னும் தேர்ச்சியோ ஆசிரியரோடும் உடன்பயில்வோரோடும் கூடியுழைப்பதனாலேயே வாய்க்கும். பிரயோக கணிதத்திற் பட்டப்பின் பயிற்சியின் உயிர்நிலை இதுவே. அங்ஙனமாயின், அத்தகைய சமூகம் தன் உறுப்பினருக்குக் கடப்பாடுடையதா, அன்றி அறிவின் வளர்ச்சிக்கு மட்டுமே கடப்பாடுடையதா என்னும் வினா எழுகின்றது.

ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழக வரலாறு இவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாகும். கணிதம் பௌதிகத்தோடும் பொறியியலோடும் உறவாடவேண்டுமெனக் கருதிய பீலிக்ஸ் கிளைனின் முயற்சியால் 1904இல் கார்ல் றுங்கே பிரயோக கணிதப் பேராசிரியராக அங்கு வந்தார். பாய்ம இயக்கவியல் அறிஞர் லுட்விக் பிராண்டிலும் அவ்வாண்டிலேயே வந்தார். பின்னர் கிளைனின் நோக்கைத் தொடர்ந்த றிச்சட் கூரன்ற், பிரீட்ரிக்ஸ், லேவி என்னும் இளையோருடன் 1928இல் வெளியிட்ட கட்டுரை, இன்று கணனிவழி வானிலைக் கணிப்பிலும் பயன்படும் நிபந்தனையொன்றைத் தந்தது. 1929இல் கணித நிறுவனத்துக்குப் புதிய கட்டடமும் எழுந்தது.

1933இல் நாசி அரசு யூதரையும் அரசியல் எதிரிகளையும் அரச சேவையினின்று அகற்றச் சட்டமியற்றியது. யூதரான கூரன்றும் எம்மி நோதரும் பணியினின்று விலக்கப்பட்டனர். கூரன்றுக்காக அறிஞர் பலர் கையொப்பமிட்ட விண்ணப்பம் பயனற்றுப் போயிற்று. கட்டடமும் நூலகமும் நின்றன. அவற்றை நிறைத்திருந்த உரையாடல் கலைந்தது. 1934இல் நியூயோர்க் சென்ற கூரன்ற் அங்கே சிறிதாகத் தொடங்கி வளர்த்த பட்டப்பின் கற்கைக்கூடம் 1964 தொடக்கம் அவர் பெயரைத் தாங்குகின்றது.

இதனைக் கொண்டு, அநீதி அறிவை அழிக்கும், ஆதலால் அது தகாது என முடிப்பார் உளர். அம்முடிபு போதாது. அதே நகரில் பிராண்டிலின் காற்றியக்க ஆய்வுநிலையம் அதே அரசின் விமான அமைச்சு வழங்கிய பணத்தால் விரிவடைந்தது. ஆய்வும் தடையின்றி நடந்தது. அநீதியின் குற்றத்தை அதனால் நேரும் அறிவிழப்பைக் கொண்டே அளப்போமாயின், இழப்பு நேராதவிடத்து அநீதி குற்றமற்றதாகிவிடும். பேர்பெற்ற அறிஞருக்காகப் பரிந்து பேசலாம். பெயரறியா மாணவனொருவன் துரத்தப்படுகையிற் பேசுதற்குக் காரணம் இராது.

ஆதலின் இக்கடப்பாடு பயனின்வழிப் பிறப்பதன்று. ஆராய்ச்சி மாணவன் தன் இளமையின் ஆண்டுகள் சிலவற்றை, விடை கிட்டுமோ என்றறியாத வினாவொன்றுக்கு ஈடாக வைக்கின்றான். தன் அறியாமையைப் பிறர் முன் மறையாது கூறுகின்றான். ஆசிரியரையும் சகபாடிகளையும் நம்பியே அவன் இதனைச் செய்கின்றான். அந்நம்பிக்கையை ஏற்று அவனுழைப்பாற் பயனடையும் சமூகம், அவனுக்கு இடர் வருங்கால் விலகி நிற்றல் நம்பிக்கைத் துரோகமாகும். அவன் திறமை பெரிதா சிறிதா என்பது ஈண்டு வினாவன்று. ஆராய்ச்சி முறைகளைப் பயிற்றும் பல்கலைக்கழகங்கள் இக்கடனையும் பயிற்றுதல் வேண்டும்.