பார்க்காமல் கொடுத்தது

2005 ஜனவரியில் நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. சுனாமிக்கு மூன்று வாரம் கழித்து, தோழிகளுடன் சேலை மூட்டைகளைச் சுமந்து நாகப்பட்டினம் போனேன். முகாமில் பெண்களை வரிசையில் நிறுத்தி 300 சேலைகள் கொடுத்தோம்; நோட்டில் கணக்கெழுதினோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் சேலையை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாவாட இல்லாம இத எப்புடிம்மா கட்டுறது?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்தும் குறை சொல்கிறாரே என்று. அந்தக் கோபத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். எத்தனை சேலை கொடுத்தோம் என்பது எங்கள் நோட்டில் இருந்தது. எத்தனை பேரால் கட்ட முடிந்தது என்பது இல்லை.

பெரிய கணக்குகளிலும் இதே ஓட்டைதான். உலகெங்கும் சுனாமி நிவாரணத்துக்குத் திரண்ட தொகை சுமார் 1,350 கோடி டாலர். ஆனால், முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்று 2006இல் வெளியான பன்னாட்டுக் கூட்டு மதிப்பீடு சொன்னது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் 391 பேர் பெண்கள், 146 பேர் ஆண்கள் என்று ஆக்ஸ்பாம் 2005இல் எழுதியது. ஆண், பெண் எனப் பிரித்து எண்ணியதால்தான் இது கண்ணில் பட்டது. நிவாரணத்தை அப்படி எண்ணினோமா? படகை இழந்த ஆண் தொழிலை இழந்தவர் என்று உடனே புரிந்தது. மீன்கூடையையும் கைமுதலையும் இழந்த பெண்ணும் தொழிலை இழந்தவர்தான் என்பது பல இடங்களில் தாமதமாகவே புரிந்தது.

ஆபத்து நேரத்தில் கேட்டுக்கொண்டா இருக்க முடியும் என்பார்கள். முதல் நாள் தண்ணீருக்கும் சோற்றுக்கும் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது வாரம் போன எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. முன்கூட்டி ஒரு போன் செய்திருந்தால் போதும்.

தன்னை நேரில் பாராமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு சொல்கிறது. வகுப்பில் அதைப் புலவரின் செம்மாப்பு என்று நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் அந்த அக்கா நினைவுக்கு வருகிறார். அவரால் மறுக்க முடியாது, மாற்றுத்துணி இல்லை. சேலையை வாங்கிக்கொண்டு கேள்வியை மட்டும் எங்களிடம் விட்டுப்போனார்.

மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கொடுக்கும்போது, கேட்க வேண்டிய கடமை கொடுப்பவருடையது. அன்று எங்கள் உதவியைச் சரியாக மதிப்பிட்டவர் அந்த அக்கா ஒருவர்தான். அதை எழுதிக்கொள்ள எங்கள் நோட்டில் இடம் இல்லை.