அறியாதவரிடம் வாங்குதல்

விற்பவன் தன் பொருளின் மதிப்பை அறியான், வாங்குபவன் அறிவான். அறிந்தவன் வாய் திறவாமல், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துச் செல்கின்றான். அவன் பொய் ஒன்றும் சொல்லவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. அவன் செய்தது குற்றமா, அன்றா? இவ்வினா மிகப் பழமையானது. ஆயினும் இந்நாளில் அது புதியதோர் இடத்தில் நம்முன் வந்து நிற்கின்றது. பழைய சாமான் கடைகளில் பழைய கணினி விளையாட்டுகளைத் தேடி வாங்குவோரின் வழக்கத்தைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தருமக் கடைகள் பல உண்டு. மக்கள் தமக்கு வேண்டாத துணி, பாத்திரம், புத்தகம், பொம்மை முதலியவற்றை அங்கே இலவசமாகக் கொடுப்பர். கடையினர் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை எளியோர் நலத்துக்கும் வேலையற்றோரின் பயிற்சிக்கும் செலவிடுவர். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுச் சென்றபின் தாய்மார் அறையை ஒழிக்கும்பொழுது, 1980-களிலும் 1990-களிலும் அப்பிள்ளைகள் ஆடிய விளையாட்டுகளும் அங்கு வந்து சேரும். நம் நாட்டுப் பிள்ளைகள் ‘கேசட்’ என்று அழைத்த பிளாஸ்டிக் பெட்டிகளே அவற்றுட் பல. அருமையானதும் அற்பமானதும் ஒரே விலைச் சீட்டைத் தாங்கி ஒரே கூடையில் கிடக்கும். இன்ன கூடையில் இன்ன நாளில் அரியது கிட்டும் என்று கடை கடையாகத் திரிவோர் ஒரு கூட்டத்தார் ஆவர்.

ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறுவோம். 1987-இல் பான்டாய் என்னும் நிறுவனம் ‘ஸ்டேடியம் ஈவென்ட்ஸ்’ என்ற விளையாட்டை அமெரிக்காவில் வெளியிட்டது. தரையில் ஒரு விரிப்பை இட்டு அதன்மீது ஓடி ஆடும் ஆட்டம் அது. பின்னர் நின்டென்டோ நிறுவனம் அவ்விரிப்பின் உரிமையைப் பெற்று, 1988-இல் அதே ஆட்டத்தை வேறு பெயரில் வெளியிட்டது. பழைய பெயர் தாங்கிய பிரதிகள் மிகச் சிலவே எஞ்சின. 2013-இல் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் தருமக் கடையொன்றில் அதன் பிரதி ஒன்றை 8 டாலருக்கு வாங்கினார். அது பின்னர் ஏறத்தாழ 25,000 டாலருக்கு விலைபோயிற்று. அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவரிடத்தில் நாம் நின்றிருந்தால் யாது செய்திருப்போம் என்பதே கேள்வி.

வாங்குவோர் தரப்பில் சொல்லத்தக்கன மூன்று உண்டு. விலையை வைத்தவர் கடைக்காரரே. கேட்டதைக் கொடுத்தோம் என்பது ஒன்று. இந்த அறிவு எமக்கு இலவசமாக வரவில்லை. பல்லாண்டுகள் படித்தும் அலைந்தும் தேடியது. அதன் பயன் எமக்கே உரியது என்பது இரண்டு. நாம் எடுக்காவிடில் அது குப்பைக்கன்றோ போகும் என்பது மூன்று. மூன்றாவது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 1983-இல் அடாரி நிறுவனம் தன் விலைபோகாத விளையாட்டுகளை நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-இல் அவற்றுள் ஒரு பகுதியைத் தோண்டியெடுத்தபொழுது, அக்குப்பையே ஏலத்தில் மொத்தம் 1,00,000 டாலருக்கு மேல் விலைபோயிற்று. பொருள் மாறவில்லை, காண்பவர் மனமே மாறியது. தேடுவோர் இல்லையேல் பல ஆட்டங்கள் உலகினின்றே மறைந்து போயிருக்கும்.

இக்கேள்வியை முற்காலத்தோரும் ஆராய்ந்துள்ளனர். உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய ஒழுக்க நூலில், பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவரும் வணிகன் ஒருவனைக் காட்டுகின்றார். வேறு கப்பல்களும் பின்னே வருகின்றன என்பதை அவன் மட்டுமே அறிவான். அதனைச் சொல்ல வேண்டியதில்லை என்பது டயோஜீனிஸ் என்பார் கொள்கை. சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் மாணவர் ஆன்டிபேட்டரின் கொள்கை. சிசரோ மாணவர் பக்கமே சேர்ந்தார். சும்மா இருப்பது வேறு, நம் இலாபத்துக்காகப் பிறர் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்பி மறைப்பது வேறு என்பது அவர் கண்ட வேறுபாடு.

நமக்கோ இதனினும் அண்மையானதொரு சான்று உண்டு. சேரிவாணிஜ ஜாதகத்தில் வாழ்ந்து கெட்ட ஒரு குடும்பத்தின் பாட்டியும் பேர்த்தியும் கூலி வேலை செய்து பிழைக்கின்றனர். வீட்டில் அழுக்கேறிக் கிடந்த கிண்ணம் பொன்னென்று அவர்கள் அறியார். பேராசை கொண்ட வணிகன் ஊசியால் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தும், “அரைக் காசும் பெறாது” என்று எறிந்துவிட்டுப் போனான். பின்னர் வந்து ஒன்றும் கொடாமலே கவர்ந்துவிடலாம் என்பது அவன் எண்ணம். அடுத்து வந்தவர் போதிசத்துவர். “அம்மா, இது நூறாயிரம் பெறும், அத்தனை பணம் என்னிடம் இல்லை” என்றார். பாட்டியோ, உம்மிடம் உள்ளதைக் கொடுத்து எடுத்துச் செல்லும் என்றாள். அவர் கையிலிருந்த ஐந்நூறு காசையும் ஐந்நூறு பெறுமான சரக்கையும் கொடுத்து, எட்டுக் காசும் துலாக்கோலும் பையும் மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு புறப்பட்டார்.

இதில் ஒன்று கவனிக்கற்பாலது. போதிசத்துவர் முழு விலையைக் கொடுத்தாரல்லர். நூற்றில் ஒரு பங்கே கொடுத்தார். ஆயினும் அவர்மேல் களங்கமில்லை. ஏன்? பாட்டி அறிந்து கொடுத்தாள். உண்மையைச் சொல்லியும் ஒருவன் இலாபம் அடையலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முன்னவன் பொய் சொன்னான். பின்னவர் மெய் சொன்னார். நம் விளையாட்டு வேட்டைக்காரரோ ஒன்றும் சொல்லாதவர். அவர் எந்தப் பக்கத்தவர்? கொடாததைக் கொள்ளாமை என்பது நாம் ஏற்ற இரண்டாம் சீலம். கொடுத்தல் என்பது கையின் செயல் மட்டுமன்று, மனத்தின் செயலுமாம். கடைக்காரர் கொடுத்தது 8 டாலர் பெறும் ஒரு பழம்பொம்மையை. வாங்கியவர் கொண்டது 25,000 டாலரை. இடைப்பட்ட தொகையை எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதை இழந்தவர் கூலிக்கு நிற்கும் கடைச் சிப்பந்தியும் அல்லர். அக்கடையின் வருவாயால் பயன்பெறவிருந்த முகமறியா எளியவரே.

எழுத்தறியா நம் பாட்டனார் கைந்நாட்டு வைத்த பத்திரங்களை எண்ணிப் பாருங்கள். அங்கும் எவரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. படித்தவர் வாளாவிருந்ததே போதுமானதாயிற்று. அந்த மௌனத்தின் விலையை அறிந்தவர் நாம். நாமே அதனை மற்றவர்மேல் செலுத்தலாமா?

இதனால் ஐம்பது ரூபாய்ப் பொருளை இருபதுக்கு வாங்கி மகிழ்பவர் நெஞ்சு நடுங்க வேண்டும் என்பது கருத்தன்று. தொழிலறிந்த வியாபாரியிடம் விலை பேசுவதும் குற்றமன்று. அங்கே இருவரும் அறிந்தவர். ஐயமுற்ற இடத்தில் ஒரே சோதனை போதும்: நான் அறிந்ததை இவரிடம் இப்பொழுதே சொன்னால் இவர் இதே விலைக்குத் தருவாரா? தரமாட்டார் எனில், நாம் வாங்குவது பொருளையன்று, அவர் அறியாமையை. அப்பொழுது போதிசத்துவர் காட்டிய வழி திறந்தே இருக்கின்றது. உண்மையைச் சொல்லுக, தேடிய உழைப்புக்கு உரிய பங்கைக் கேட்டுப் பெறுக.

பழைய கேசட்டுகள் சிலவற்றுள் ஒரு சிறு மின்கலம் உண்டு. முதலில் ஆடிய குழந்தை தன் பெயரை எழுதி ஆட்டத்தைச் சேமித்திருந்தால், அக்கலம் தீரும்வரை அப்பெயர் உள்ளே இருக்கும். வாங்கியவர் வீட்டிற்குச் சென்று அதை இயக்கும்பொழுது, அறியாத ஒரு பிள்ளையின் பெயர் திரையில் தோன்றும். அப்பெயரைக் கூசாமல் பார்க்கக்கூடிய வகையில் அதை வாங்கியிருத்தல் வேண்டும்.