பிள்ளையின் ஐயமும் பெரியவர் மறுமொழியும்

பள்ளி விடுமுறை நெருங்கியதும் ஏனாத்தூரிலும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஏனைய ஊர்களிலும் பெற்றோரிடையே ஒரு வினா எழுவது வழக்கம். பிள்ளையை வெளியூர் அழைத்துச் செல்வதா, அல்லது அடுத்த வகுப்புப் பாடத்தில் இருத்துவதா? அழைத்துச் செல்வோர், அதை மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் கூலியாகக் கருதுகின்றனர். மறுப்போர், அதைப் படிப்பிலிருந்து கழியும் நாளாகக் கருதுகின்றனர். இரு சாராரும் ஒன்றில் ஒத்துப் போகின்றனர்: குடும்பத்தோடு வெளியே திரிவது வேறு, கல்வி வேறு என்பதே அவ்விருவரின் எண்ணமும்.

நம் முன்னோர் இவ்வாறு பிரித்ததில்லை. இல்மைத் தேடிப் புறப்படும் பயணத்திற்கு ‘ரிஹ்லா’ என்று தனிப்பெயரே உண்டு. தந்தையை இளமையிலேயே இழந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், ஏறத்தாழ 16 வயதில், ஹிஜ்ரி 210 அளவில், தாயாரோடும் அண்ணனோடும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். கடமை முடிந்து குடும்பத்தார் ஊர் திரும்ப, அவர்கள் மட்டும் மக்காவிலேயே தங்கிக் கற்கலானார்கள். புகாராவிலிருந்து அத்தனை தொலைவு மகனை அழைத்து வந்து, அங்கேயே விட்டுச் செல்ல இசைந்த அந்தத் தாயாரின் நெஞ்சத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

ஆயினும் பயணம் செய்தவர் அனைவரும் கற்றவராகிவிடுவதில்லை. ஏரிக்கரையில் பிரியாணி உண்டு திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ! பயணம் எந்த இடத்தில் கல்வியாக மாறுகிறது என்பதே ஆராயத் தக்கது. அதற்கு நம் நாட்டிலேயே, நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று இருக்கிறது.

1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, வீட்டில் கடைக்குட்டி. மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். தாய்மாமன் அமீருத்தீன் தையாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் அச்சிறுவரை வளர்த்தனர். மாமா வேட்டைப் பிரியர். பம்பாயை அடுத்த செம்பூர் அந்நாளில் மரமும் புதருமாக இருந்த இடம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தார் அங்கே போய்த் தங்குவதுண்டு. மருமகன் கையில் மாமா ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார். சிறுவரும் குருவிகளைச் சுட்டுத் திரிந்தார்.

ஒரு நாள் வீழ்ந்த குருவி மற்றவற்றைப் போல் இல்லை. அதன் தொண்டையில், சாலனம் பட்ட கறை போல் மஞ்சள் நிறம் இருந்தது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாதலால் அவருக்கு எழுந்த முதல் ஐயம் பறவை நூலைச் சார்ந்ததன்று. இதை உண்ணலாமா, ஆகுமானதா என்பதே. குருவியை மாமாவிடம் கொண்டு சென்றார்.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘உண்ணலாம், போ’ என்போம். அல்லது ‘வேண்டாம், தூக்கி எறி’ என்போம். இரண்டிலும் பேச்சு முடிந்துவிடும். அமீருத்தீன் சாஹிபுக்கு அது என்ன குருவி என்று தெரியவில்லை. தெரிந்ததாக அவர் பாவனை செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, நீயே போய்க் கேள் என்று அனுப்பினார். 1908இல் நடந்தது இது. மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைக் குருவி என்று சொன்னதோடு, இழுப்பறைகளைத் திறந்து பதம் செய்து வைத்திருந்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். படிக்க நூல்களையும் கொடுத்தார். ‘இந்தியப் பறவைகள்’ பற்றி 1941இல் வெளிவந்து இன்றும் பயிலப்படும் நூலின் ஆசிரியர் அந்த அறையில்தான் உருவாகத் தொடங்கினார்.

பிள்ளைக்கு முன் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது நம் வீடுகளில் அரிதாகிவிட்டது. அறியாததைக் கேட்டால் ‘லா அத்ரீ’, அறியேன் எனல் ஆலிமின் பண்பு என்று மதரசாவில் ஓதியிருக்கிறோம். வீட்டிற்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

இனி, இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஏறத்தாழ பத்து வயதில் அதே சிறுவர் குதிரை லாயத்தில் கூடு கட்டியிருந்த ஒரு சிட்டுக்குருவி இணையைக் கண்டார். கூட்டின் வாயிலில் காவலிருந்த ஆணைச் சுட்டார். பெட்டை வேறோர் ஆணைச் சேர்த்துக்கொண்டது. அதையும் சுட்டார். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள்! அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். அக்குறிப்பு பிற்காலத்தில் அச்சேறியபோது, பறவைகளின் இயல்பை விளக்கும் செய்தியாகப் பயன்பட்டது. பயன்பட்டதனால் அச்செயல் நேரியதாகிவிடுமா? உயிருள்ளதைக் குறியாக வைத்து எய்வது நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அறிவு கிட்டியது என்பதற்காக அத்தடை நீங்கிவிடாது என்பதே என் கருத்து. பிள்ளை உண்டிவில்லால் ஓணானை அடிக்கும்போதும், தும்பியின் வாலில் நூல் கட்டும்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் தந்தையும் அவனுக்கு ஒரு பாடம் நடத்துகிறார்.

ஆனால் அவரே பின்னாளில் வேறு வழியைக் கண்டார். கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் துணைவியார் தஹ்மினாவுடன் தங்கியிருந்தபோது, தூக்கணாங்குருவிக் கூடுகளுக்கு எதிரே ஏணியை நிறுத்தி, மறைப்புக் கட்டி, அதன் மேல் அமர்ந்து பொழுதெல்லாம் பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும். பெட்டை வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால் மீதியை முடிக்கும். உடனே அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெட்டையை எதிர்நோக்கும். முன்னர் ஒருவரும் சரியாக உணராத இச்செய்தியை 1930இல் வெளியிட்டார். துப்பாக்கி தந்ததைக் காட்டிலும் ஏணி தந்தது அதிகம்.

அவருக்கு மாமாவும் மில்லார்டும் வாய்த்தனர், எங்கள் பிள்ளைக்கு யார் என்று கேட்பது நியாயமே. பட்டம் இல்லாமையால் அவருக்கு அரசின் பறவையியல் பதவி கிட்டாமற் போனதும் உண்மை. கல்லூரிப் படிப்பை இகழ அவரைச் சான்று காட்டுவோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் உத்திரமேரூரிலிருந்து வேடந்தாங்கல் தொலைவில் இல்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை அங்கே நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூர் மக்களே அவற்றைக் காத்து வருகின்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டறிந்தவர்கள். தீபாவளியன்று வெடி வெடிப்பதையும் பறவைகளுக்காகத் தவிர்த்து வந்திருக்கின்றனர். தண்ணீர் ஏன் வெளுத்திருக்கிறது என்று பிள்ளை கேட்டால் அத்தாவுக்குத் தெரியாமலிருக்கலாம். கரையில் நிற்கும் விவசாயிக்குத் தெரியும். அங்கே அவரே மில்லார்டு. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. தேர்தலில் நிற்பவருக்கு வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவர் நிற்கலாகாது என்றெல்லாம் அதில் விதி உண்டு. அவ்வெழுத்தை நம்மில் எவரும் தாமாகப் படித்துவிட முடியாது. அதுவும் நல்லதே.

இத்தகைய பயணங்களில் மகனை ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டு, மகளைச் சோற்றுப் பாத்திரத்தருகே உட்கார்த்தி வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவளுக்கும் கண் உண்டு. அவளிடமும் ஐயங்கள் உண்டு. பறவையைப் பார்க்கும் பொறுமை அவளிடம் பெரும்பாலும் அதிகம்.

சாலிம் அலி 1987இல் மறைந்தார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றின் பெயரிலேயே ஒரு குருவி வீழ்ந்ததைக் குறித்துவிட்டுச் சென்றார். மஞ்சள் தொண்டைக் குருவி தமிழகத்திலும் உண்டு. வறண்ட காட்டோர மரங்களின் பொந்துகளில் கூடு கட்டும். தொலைவிலிருந்து பார்த்தால் சாதாரணச் சிட்டு என்றே தோன்றும்.