தண்ணீர் வண்டியும் நம் மனச்சாட்சியும்

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் எளிதில் மறந்துவிட முடியாது. கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை வீதிகளிலும் பெற்றோல் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மண்ணெண்ணெய்க்காகத் தாய்மார் கானும் கையுமாக வெயிலில் நின்றனர்.

அத்தகைய வரிசையொன்றில் நின்றபோது ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. “தண்ணியில ஓடுற காரை நம்ம நாட்டு ஆள் ஒருத்தர் எப்பவோ கண்டுபிடிச்சிட்டார். எண்ணெய்க் கம்பனிக்காரன்தான் அதை அமுக்கிட்டான்” என்றார் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி. சுற்றி நின்றவர்கள் தலையசைத்தனர். ஒருவராவது, “அது உண்மையா?” என்று கேட்கவில்லை. அந்த மௌனம் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

அவர் குறிப்பிட்ட செய்தி முற்றிலும் கற்பனையன்று. 2008ஆம் ஆண்டில் துஷார பிரியமால் எதிரிசிங்க என்னும் இலங்கையர், மூன்று லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரம் காரை ஓட்டியதாக அறிவித்தார். தண்ணீரை மின்சாரத்தால் ஐதரசன், ஒட்சிசன் என்னும் வாயுக்களாகப் பிரித்து, அவற்றை எஞ்சினில் எரிப்பதாகக் கூறப்பட்டது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அதைப் பார்வையிட்டு, அரசின் முழு ஆதரவையும் வழங்குவதாகச் சொன்னார். சில மாதங்களின் பின், முதலீட்டு மோசடிச் சந்தேகத்தின்பேரில் அந்த மனிதர் கைது செய்யப்பட்டார். அவர் குற்றவாளியா அல்லவா எனத் தீர்ப்பிடுவது நமது வேலையன்று. அந்தக் கார் பற்றிய பேச்சை நாடு எவ்வாறு வரவேற்றது என்பதையே நாம் சிந்திக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இவ்வாறு நடந்ததுண்டு. 1996ஆம் ஆண்டில் இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர், மூலிகையைத் தண்ணீரில் கலந்து பெற்றோல் செய்வதாகக் கூறிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தினார். படியாத கிராமத்துத் தமிழன் உலகை வென்றான் என்று பலர் பூரித்தனர். ஆனால் விஞ்ஞானிகள் அருகில் இருந்து கவனமாகச் சோதித்தபோது மூலிகை பெற்றோலாகவில்லை. பின்னர் அவர் ‘மூலிகை எரிபொருள்’ என விற்றது பெற்றோலிய இரசாயனங்களின் கலவையே என வழக்குத் தொடரப்பட்டு, 2016ஆம் ஆண்டில் சென்னை நீதிமன்றமொன்று அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

தண்ணீர் ஏன் எரிபொருளாகாது? இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சுவது போல, ஐதரசன் எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். அந்தச் சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வெளிவந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது ஏறத்தாழ 4.4 யூனிற் மின்சாரம் வேண்டும். பிரிந்த வாயுக்களை எரித்தால் அதே அளவுக்கு மேல் ஒரு துளியும் கிடையாது. அதிலும் கார் எஞ்சின் கால் பங்கையோ, சற்றுக் கூடுதலாகவோதான் ஓட்டமாக மாற்றும். மீதி சூடாகிக் காற்றோடு போய்விடும். நூறு ரூபாவுக்கு வாங்கிய சரக்கை முப்பது ரூபாவுக்கு விற்று, அந்த முப்பது ரூபாவைக் கொண்டே மறுநாளும் நூறு ரூபாச் சரக்கு வாங்குவேன் என்று ஒரு வியாபாரி சொன்னால் நாம் நம்புவோமா?

“விக்டோரியா அணையில் தண்ணீரிலிருந்துதானே மின்சாரம் எடுக்கிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அங்கே சக்தி தருவது தண்ணீர் அல்ல, அதன் வீழ்ச்சி. சூரியன் கடல்நீரை ஆவியாக்கி உயர்த்தி, மழையாக நம் மலைகளில் பொழிய வைக்கிறான். அந்த நீர் இறங்கி வரும்போது ஏற்றிய கூலியை நாம் வாங்கிக்கொள்கிறோம். அப்படியிருந்தும், ஒரே ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 4,000 லீற்றர் நீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழ வேண்டும். விழுந்த நீர் தானாக மேலே ஏறுவதில்லை. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு உக்குவளையில் எந்திரத்தைச் சுழற்றும் மகாவலி, நமக்கு நாள்தோறும் கற்பிக்கும் பாடம் இது: இயற்கையின் கணக்குப் புத்தகத்தில் வரவில்லாத செலவு கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. “புதிதாக எதையும் கண்டுபிடித்தவர்களை உலகம் எப்போதும் ஏளனம் செய்தது. இன்று ஏளனம் செய்யப்படுபவன் நாளை மேதை ஆகமாட்டானா?” என்கிறார்கள். இதில் உண்மையுண்டு. நமது மலையகத்திலேயே சான்றுண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, இந்நாட்டின் மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918ஆம் ஆண்டில் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தார். குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள் அதை உரியபடி மதிக்கவில்லை. லக்சபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டில்தான் இயங்கத் தொடங்கியது. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். ஆனால் அவர், “என்னை நம்புங்கள்” என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆற்று நீரையும் வீழ்ச்சியையும் செலவையும் கணக்கிட்டு மேசைமேல் வைத்தார். யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு அது. ஏளனம் செய்யப்பட்டதனால் அவர் மேதையாகவில்லை. அளக்கக் கொடுத்ததனாலேயே காலம் அவர் பக்கம் நின்றது.

இன்னொருவரையும் நினைவுகூர்வோம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அருகே மதுபானம் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் யூல், பேராசிரியரல்லர். சொந்த ஆவலால் பரிசோதனை செய்தவர். இளமையில் அவரும், மின்கலத்தால் சுழலும் மோட்டார் நீராவி எந்திரத்தின் இடத்தைப் பிடித்து மலிவாகச் சக்தி தரும் என்று கனவு கண்டார். பின்னர் அளந்து பார்த்தார். மின்கலத்தில் கரையும் ஓர் இறாத்தல் நாகம், ஓர் இறாத்தல் நிலக்கரியைவிட மிகக் குறைந்த வேலையையே செய்தது. 1841ஆம் ஆண்டில் தம் நம்பிக்கை தளர்ந்ததை அவரே வெளிப்படையாக எழுதினார். அந்தத் தோல்வியிலிருந்து அவர் விடாது அளந்து சென்றதனாலேயே, வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்ற பேருண்மை நிலைநாட்டப்பட்டது. நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் ‘யூல்’ என்ற அலகு அவர் பெயரே. கனவைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திராது.

இனி நமது அயலுக்கு வருகிறேன். அதே 2022ஆம் ஆண்டில், எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன் ஒரு தடித்த போத்தலுக்குள் துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளை அடுக்கி, அப்பச்சோடா கரைத்த நீரை ஊற்றி, தன் முச்சக்கர வண்டியில் பூட்டினான். குமிழிகள் எழுந்தன. வண்டி பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக அவனுக்குத் தோன்றியது. செய்தி பரவி, ஐந்து சாரதிகள் தங்களுக்கும் ஒவ்வொன்று செய்து தரும்படி முன்பணம் கொடுத்தார்கள். அவன் என்னிடம் வந்தபோது, “தம்பி, அளந்து பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் முகம் சுருங்கியது. ஆயினும் செய்தான். தாங்கியை வெறுமையாக்கி, ஒரு லீற்றர் பெற்றோல் மட்டும் ஊற்றி, கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கும் திரும்பவும் ஓடினான். போத்தலோடு மூன்று முறை, போத்தலின்றி மூன்று முறை. ஓடிய தூரத்தை ஒரு கொப்பியில் குறித்தான். சில முறை சற்றுக் கூடியது, சில முறை குறைந்தது. போத்தலால் இலாபம் ஒன்றுமில்லை. முன்னே தோன்றிய மிச்சம், அவன் அந்த நாட்களில் கவனமாக மெதுவாக ஓட்டியதன் பயனேயன்றி வேறில்லை.

“சேர், கொப்பியைக் கிழிச்சிப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது” என்றான் அவன். அது விளையாட்டுப் பேச்சன்று. முன்பணத்தில் பாதி தகடுகளுக்குச் செலவாகிவிட்டது. வீட்டிலோ அரிசிக்கே திண்டாட்டம். அன்றிரவு அவன் தாயார் சொன்னது இவ்வளவே: “அந்தக் காசைத் திருப்பிக் குடுத்திடு மகன்.” தன் கைத்தொலைபேசியை விற்று, ஐவருக்கும் பணத்தைக் கொடுத்து, கொப்பியையும் காட்டினான். இருவர் அவனைப் பரிகசித்தனர். ஒருவர், “எண்ணெய்க் கம்பனிக்காரன் உன்னையும் வாங்கிட்டானா?” என்றுகூடக் கேட்டார்.

அன்பான வாசகர்களே, பாவம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த இளைஞன் எனக்குக் காட்டினான். முயன்று பார்ப்பது பாவமன்று. இறைவன் தந்த கையையும் மூளையையும் பயன்படுத்துவது அது. தவறிப் போவதும் பாவமன்று. பிறர் பணத்தை ஏமாற்றி வாங்குவது பாவம் என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு படியுண்டு. அது, அளந்தால் உண்மை தெரிந்துவிடுமே என்று அஞ்சி அளக்காமல் விடும் படி. அங்கே மனிதன் இன்னும் யாரையும் ஏமாற்றவில்லை, தன்னையே ஏமாற்றுகிறான். ஆயினும் மற்ற ஏமாற்றங்கள் அனைத்தும் அந்த வாசல் வழியாகவே வருகின்றன. பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. தராசும் அளவுச்சாடியுங்கூடச் சாட்சிகளே. அவற்றைப் பேசவிடாமல் தடுப்பதும் பொய்ச்சாட்சியின் ஒரு வகைதான்.

இதில் நம் பங்கையும் மறைக்க வேண்டாம். ‘நம்ம ஆள்’ என்பதற்காக மாலை போடுகிறோம். படித்தவர்கள்மேல் உள்ள மனக்கசப்பால், அவர்கள் மறுப்பதையெல்லாம் உண்மையென ஏற்கிறோம். வரிசையில் நின்று களைத்த வயிறும் காலும் எந்த நற்செய்தியையும் நம்பத் துடிக்கின்றன, அது மன்னிக்கத்தக்கதே. ஆனால் நமது கைதட்டலே ஓர் எளிய மனிதனைத் திரும்ப முடியாத இடத்துக்குத் தள்ளிவிடக்கூடும். அதேவேளை, படித்தவர்களில் சிலர், செய்ததைப் பாராமலே சிரித்து ஒதுக்கிவிடுகிறார்கள். சிரிக்கப்பட்டவன் கற்றுக்கொள்வதில்லை, கோபங்கொள்கிறான். கோபங்கொண்டவன் அளக்க மறுக்கிறான்.

ஆகவே, நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை காந்தத்தையும் கம்பியையும் கட்டி, “அப்பா, இது கரண்ட் இல்லாமலே சுத்தும்” என்று கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்? சிரிக்கவும் வேண்டாம், ஊரைக் கூட்டவும் வேண்டாம். அருகில் உட்கார்ந்து, “எவ்வளவு நேரம் சுற்றுகிறது, பார்ப்போம்” என்று மணிக்கூட்டை எடுத்து வையுங்கள். அது நிற்கும். நிற்கும்போது பிள்ளையின் முகம் வாடும். அப்போது அவன் தோளில் கை வைத்து, நின்ற நேரத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த இளைஞன் இன்று வாகன மின்வேலை பழுதுபார்க்கிறான். பழுது எது, கூலி எவ்வளவு என்று அவன் சொன்னால், அயலில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.