பழைய எஞ்சினும் பற்றின் எல்லையும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையைப் பற்றி நம் இல்லங்களில் நாள்தோறும் பேசுகிறோம். கிழங்கு சமைக்கலாமா, தேன் சேர்க்கலாமா, பொழுது சாய்ந்தபின் உண்ணலாமா என்பனவற்றைச் சிறுவர்களும் அறிவர். ஐந்தாவதாகிய மிகுபொருள் விரும்பாமையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வாயைத் திறந்தால் பீரோவையும் திறக்க வேண்டியிருக்கும் என்பதனாலோ என்னவோ! அந்த ஐந்தாம் விரதத்தைக் குறித்து நம்மிடம் ஒரு வழக்கு வந்தது. வழக்கிற்குரிய பொருள், ஒரு பழைய ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின்.

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை வாசகர்கள் அறிந்திருப்பர். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோகங்கள் ஏன் துருப்பிடிக்கின்றன, அதனை எவ்வாறு தடுப்பது என்பது அங்கு நடைபெறும் ஆய்வுகளுள் ஒன்று. நம் தமையனார் அங்குப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். துருவோடு வாழ்நாளெல்லாம் போராடியவருடைய ஜீப், அவர் மறைந்தபின் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தின் கீழ்ப் பன்னிரண்டு ஆண்டுகள் துருப்பிடித்து நின்றது.

அது 1968ஆம் ஆண்டு வண்டி. மகிந்திரா நிறுவனத்தார் 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டில் பூட்டி விற்றனர். பின்னர் 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சி.ஜே. 3பி’ என்னும் மாதிரியை இங்கேயே நெடுங்காலம் உற்பத்தி செய்தனர். அதன் எஞ்சினுக்கு ‘ஹரிகேன்’, அதாவது சூறாவளி, என்று பெயர். நான்கு சிலிண்டர், 134 கன அங்குலக் கொள்ளளவு, ஏறக்குறைய 2.2 லிட்டர். காற்றும் பெட்ரோலும் புகும் வால்வுகள் மேலே ‘ஹெட்’டிலும், புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கிலும் அமைந்தது அதன் தனித்தன்மை. இதனால் எஞ்சினின் உயரம் கூடிற்று. அந்த உயரத்திற்கு இடங்கொடுக்கவே அவ்வகை ஜீப்பின் முன்மூடி தூக்கி அமைக்கப்பட்டது. தமையனார் அவ்வண்டியில்தான் நம் குடும்பத்துப் பெரியவர்களைச் சித்தன்னவாசலுக்கும் மதுரைச் சமணர் மலைக்கும் அழைத்துச் செல்வார். குலுக்கல் தாங்காமல் நாம் பாதி வழியில் இறங்கி நடந்ததும் உண்டு.

மருமகன் அந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க விரும்பினான். ஒன்றரை இலட்சம் ரூபாய் செலவாகும் என்று கணக்கிட்டிருந்தான். அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. “அவர் நிறுத்திவிட்டுப் போன வண்டி அப்படியே இருக்கட்டும். அந்தப் பணத்தை ஆகார தானத்திற்குக் கொடுக்கலாம்” என்பது அவர் கட்சி. “அத்தை சொன்னால் கேட்கிறேன்” என்று மருமகன் சொல்லவே, வழக்கு நம்மிடம் வந்தது. நாமும் தாமதியாமல் கடிதம் எழுதினோம். பொருளை வைத்திருப்பது பரிக்கிரகம் அன்று, அதன்மேல் கொள்ளும் மூர்ச்சையே பரிக்கிரகம் என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அறிவுறுத்தியிருப்பதைச் சுட்டி, இது மூர்ச்சையே, வேண்டாம் என்று தீர்ப்பளித்தோம். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் விடைத்தாள் திருத்திய கை அல்லவா? சிவப்பு மையை எடுக்க அது தயங்குவதேயில்லை.

அஞ்சலில் சேர்த்த பின்னர்தான் ஓர் ஐயம் தோன்றியது. மகன் கொண்டது மூர்ச்சை என்றால், வண்டி அப்படியே நிற்க வேண்டும் என்ற தாயினுடையது என்ன? காரைக்குடிக்குப் புறப்பட்டோம்.

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் காணாதவர் குறைவு. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு நிலைகளும், தூண்களும், பீங்கான் பூசிய பாத்திரங்களும் அங்கு விலை கூறப்படுகின்றன. அக்கடைகளைக் கடந்து செல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு வருத்தம் உண்டாவதுண்டு. கதவு கெடாமல் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டையும் அது காக்கவில்லை. பேணுதல் என்னும் சொல்லுக்கு இது மட்டுந்தான் பொருளா என்று எண்ணிக்கொண்டே தமையனார் வீட்டுக்குச் சென்றோம்.

மருமகன் வேலையைத் தொடங்கியிருக்கவில்லை. நம் கடிதத்திற்காக அன்று. எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதனுள் புழு இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்து, குஞ்சுக் குளவிகள் துளையிட்டுப் பறந்த பின்னரே முதல் ஸ்பேனரைக் கையில் எடுத்தான். மாலையில் விளக்கேற்றி வேலை செய்வதும் இல்லை. பாகங்களைக் கழுவும் மண்ணெண்ணெய்த் தட்டில் விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் விழுந்து மடியும் என்பதனால் பொழுது சாயுமுன் தட்டை மூடிவிடுவான். கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து வைத்தான். இவற்றை எவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. தீர்ப்பு எழுதிய நமக்கு இவற்றுள் ஒன்றும் தோன்றியிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

எஞ்சினைப் பிரித்தபோது சிலிண்டர்களின் மேல்விளிம்பில் நகத்தில் இடறும் ஒரு வரம்பு இருந்தது. பிஸ்டன் வளையம் எட்டாத அவ்விடம் தேயாமல் நிற்க, அதன் கீழே நாற்பது ஆண்டு ஓட்டத்தில் இரும்பு தேய்ந்து வட்டமும் கோணியிருந்தது. லேத் பட்டறையில் நான்கு சிலிண்டர்களையும் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர் அளவு, அகலப்படுத்தினர். அதற்கேற்பப் பெரிய பிஸ்டன்களும் வளையங்களும் புதிதாக வந்தன. கிராங்க் ஷாப்ட்டை ஆயிரத்தில் பத்துப் பங்கு தேய்த்து மெருகிட்டு, அதற்குரிய தடித்த பேரிங்குகளைப் பொருத்தினர். பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகடும் குழாய்களும் மாற்றப்பட்டன. இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் அதனைத் தாங்குவதில்லையாம். கரும்பையும் மக்காச்சோளத்தையும் அரிசியையும் எரிபொருளாக்கி வண்டிக்கு ஊட்டுவது தனியே சிந்திக்கத்தக்கது. இங்கு அதனை விரிக்கவில்லை.

இத்தனை மாறியபின் அது தமையனாருடைய எஞ்சின்தானா? கொல்லையில் உட்கார்ந்திருந்த நமக்கு ஆசாரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் காட்டும் உவமை நினைவுக்கு வந்தது. பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி நடுநிலையில் நிற்கிறான். ஒரே செயலில் அழிவும் தோற்றமும் நிலைபேறும் ஒருங்கே இருப்பதனால்தான் மூவரும் வெவ்வேறாக உணர்கின்றனர் என்பது ஆசாரியர் கருத்து. இதனை இளமையில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கண்ணால் கண்டது அன்றுதான். ஒவ்வொரு பாகமும் கழன்றபோது அண்ணி முகம் வாடினார். மருமகன் உள்ளம் பூரித்தான். வயது முதிர்ந்த மெக்கானிக்கோ, “பிளாக் நல்ல இரும்பும்மா, இன்னும் ரெண்டு தடவை போரிங் தாங்கும்” என்றார். அவர் நடுநிலை, கூலி வாங்கும் தொழிலாளியின் நடுநிலையா, மெய்யுணர்ந்தவரின் நடுநிலையா என்று நம்மால் துணிய இயலவில்லை. ஆனால் மூவருள் அவர் ஒருவருக்கே அன்றிரவு உறக்கம் நன்றாக வந்திருக்கும்.

கழற்றிய பழைய பிஸ்டன்கள் நான்கும் பழைய உலோகக் கடைக்குப் போக வேண்டியவை. மூன்றுதான் போயின. நான்காவது இப்போது நம் மேசைமேல், இக்கட்டுரைத் தாள்கள் பறவாதபடி கனமாக அமர்ந்திருக்கிறது. எவருடைய மூர்ச்சையைக் கண்டிக்கச் சென்றோமோ அவர்களிடம் கேட்டு வாங்கி வந்தது. இதனை மறைத்து எழுதினால் இரண்டாம் விரதமும் போய்விடும்.

அண்ணியின் மனம் எப்போது மாறியது என்று உறுதியாகக் கூற இயலாது. ஒரு நண்பகலில் மருமகன் வால்வுகளை அவற்றின் இருக்கையில் பொருந்துமாறு தேய்த்துக்கொண்டிருந்தான். மணல் போன்ற பசையைத் தடவி, ரப்பர்க் கிண்ணம் பூட்டிய கோலை இரு உள்ளங்கைகளுக்கிடையே முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். மத்துக் கடைவது போன்ற வேலை. சற்று நேரம் பார்த்திருந்த அண்ணி, “இப்படியா கடைவார்கள்?” என்று கோலை வாங்கிக்கொண்டார். எட்டு வால்வுகளில் ஐந்தை அவரே முடித்தார். மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தபோது அவ்வைந்திலும் ஒரு சொட்டுக் கசியவில்லை.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். துருப்பிடித்த வண்டி எவ்வுயிரையும் வருத்தவில்லை. அதன்மேல் குளவி வாழ்ந்தது. செப்பனிட்ட எஞ்சினோ நிமிடத்திற்கு 2000 சுற்று சுழலும்போது அதனுள் 4000 முறை தீ மூண்டு அணைகிறது. தீயையும் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை எண்ணும் சமயம் நம்முடையது. சங்கற்பித்துச் செய்யும் கொலை இல்லறத்தார்க்கு முற்றிலும் விலக்கு. இல்வாழ்வில் தவிர்க்கவியலாத ஆரம்ப ஹிம்சையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பர். பொழுதுபோக்காக ஓட்டும் ஜீப் தவிர்க்கவியலாததா? ஆகாது. இதில் நம் கடிதம் தவறவில்லை.

தவறியது வேறிடத்தில். விடையைப் பற்றின் வகுப்பில் தேடினோம். அது குணவிரதங்களின் வகுப்பில் இருந்தது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் திசைவிரதத்தையும் அநர்த்த தண்ட விரதத்தையும் விரித்துரைக்கின்றன. கடல், ஆறு, காடு, மலை, நாடு என அறியப்பட்ட எல்லைகளை வகுத்து, அவற்றைக் கடந்து செல்லாமை திசைவிரதம். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், தீ மூட்டுதல், வீணே சுற்றித் திரிதல் முதலியவற்றைத் தவிர்ப்பது அநர்த்த தண்ட விரதம். மோட்டார் வண்டி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வீண் ஓட்டம் குற்றப்பட்டியலில் இடம் பெற்றுவிட்டது! எந்திரத்தை நம் முன்னோர் வெறுத்தவரும் அல்லர். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி செய்வித்தது விசயையையும் அவள் வயிற்றுக் கருவையும் காத்தது. ஒரு தேவைக்காகப் பறந்து சுடுகாட்டில் இறங்கியது, அவ்வளவே.

அரசாங்கமும் ஏறத்தாழ இவ்வழியே சிந்தித்திருப்பது நமக்கு வியப்பளித்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவதற்கு 2021இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. எது மாற்றம், எது நிலைபேறு என்று ஆசாரியர்கள் ஆராய்ந்ததைப் போக்குவரத்து அலுவலரும் ஆராய வேண்டியதாயிற்று. மருமகன் அப்பதிவை நாடவில்லை. பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டான்.

ஆகவே நாம் நம் தீர்ப்பைத் திருத்தினோம். எஞ்சினைப் பூட்டலாம், ஆனால் முதல் முறை முடுக்குவதற்கு முன் எல்லை வகுக்க வேண்டும் என்றோம். மருமகன் சற்றே தயங்கினான். நீலகிரி வரை ஓட்டிப்பார்க்கும் ஆசை அவனுக்கு இருந்திருக்கிறது. ஓரிரவு கழித்துத்தான் உடன்பட்டான். வடக்கே சித்தன்னவாசல், தெற்கே தேவகோட்டை, மேற்கே திருப்பத்தூர், கிழக்கே அறந்தாங்கி என்று எல்லை குறிக்கப்பட்டது. மாதத்தில் இரு நாள். முதியோரையோ நோயாளரையோ வழிபாட்டிற்கு வருவோரையோ ஏற்றிச் செல்ல மட்டும். மழைக்காலத்து நான்கு மாதமும் வண்டி நிற்க வேண்டும் என்பதைச் சேர்த்தவர் அண்ணி. சாலையெங்கும் சிற்றுயிர் ஊரும் காலத்தில் முனிவர்களே ஓரிடத்தில் தங்குகிறார்கள், ஜீப்புக்கு என்ன அவசரம் என்று கேட்டார். மறுப்பதற்கு எவர்க்கும் வாய் எழவில்லை. ஆகார தானத்திற்கும் செலவில் பாதிக்கு ஈடான தொகை ஒதுக்கப்பட்டது.

எஞ்சின் ஒன்பதாவது முயற்சியில் முழங்கியது. நீலப்புகை சிறிது வந்து நின்றது. அந்த ஒலியைக் கேட்டதும் அண்ணி உள்ளே சென்றுவிட்டார். அரை நாழிகை கழித்து வெளியே வந்து, எப்போது புறப்படுகிறோம் என்று கேட்டார்.

புதுக்கோட்டை வழியாகச் சித்தன்னவாசல் சென்றோம். இம்முறை குலுக்கலைப் பொறுத்துக்கொண்டோம். அக்குடைவரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், அவனிபசேகரன் சீவல்லபன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எழுப்பிய செய்தி அதில் உள்ளது. புதுக்கியவர் ஓர் ஆசிரியர் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை. அவர் புதுக்கும்போது எதனை அகற்றினார், அகற்றியதற்காக எவர் வருந்தினார் என்று கல்வெட்டில் இல்லை. தாமரைக்குளத்து ஓவியத்தின்கீழ் அண்ணி நெடுநேரம் நின்றிருந்தார்.

வீடு திரும்பியபோது மாலை ஐந்து மணி. கருவிப்பெட்டியின் அடியில் தமையனாருடைய சிறு குறிப்பேடு ஒன்று கிடைத்திருந்தது. தேதி, பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைப் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கடைசி வரிக்குக் கீழே கோடு போடாமல், அடுத்த வரியில் மருமகன் அன்றைய கணக்கை எழுதினான்.