விலையும் உயிரும்

வெலிமடையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் எதிர்ப்படும் ஹக்கலக் காட்டில், மூக்கிற் கொம்புடைய சிற்றோணான் ஒன்று வாழ்கிறது. இலங்கையன்றி வேறெங்கும் இயற்கையிற் காணப்படாத அவ்வினமும் அதன் நெருங்கிய இனங்கள் சிலவும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகம் பற்றிய உடன்படிக்கையில் 2019 இல் சேர்க்கப்பட்டன. அயல்நாடுகளின் வளர்ப்புப் பிராணிச் சந்தையே அதற்குக் காரணம். அருமை விலையாயிற்று; விலை பகையாயிற்று.

கடைத்தெருக் கூண்டிலுள்ள லவ்பேர்ட்ஸ் பறவையின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் விலை, பெரும்பாலும் மிருக வைத்தியச் செலவினும் குறைவு. நோயுற்றால் மருந்தினும் மாற்றுப் பறவையே மலிவெனக் கணக்குச் சொல்கிறது. விலையை உயர்த்தினால் வாங்குவோர் கருத்துடன் பேணுவர் என்பாருமுளர். கூண்டிலே பிறந்த உயிருக்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். காட்டிலே பிடிபட்டதற்கு அதுவே கண்ணியாகும்.

விலையுடையதற்கு மாற்றீடு உண்டு, மாண்புடையதற்கு இல்லை என 1785 இல் எழுதிய கான்ற், அம்மாண்பைப் பகுத்தறிவுடையோருக்கே ஒதுக்கினார். எனினும் அத்தகைய மனிதரே, தோட்டத் தொழிலாளராய், 1921 வரை ‘துண்டு’ எனுங் கடன்சீட்டுடன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர்; கடனைத் தீர்த்த துரைக்கே ஆட்கள். பகுத்தறிவு அவர்களைக் காக்கவில்லை. அவ்வாறாயின் அதனை அளவுகோலாக்கி ஓணானையும் பறவையையும் விலக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் கொடுமைக்கு விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். மூன்று மாதச் சிறைக்கும் அதில் இடமிருந்தது. நாணயத்தின் மதிப்புத் தேயத் தேய, அத்தண்டம் வணிகரின் சில்லறைச் செலவுகளுள் ஒன்றாயிற்று.