திருப்பிக் கொடுக்காத புத்தகம்

பினாங்கில் எனக்குப் பழக்கமான ஓர் அச்சகக்காரர் இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், கடைகளுக்குப் பில் புத்தகம் ஆகியவைதான் அவருடைய தொழில். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆஃப்செட் வந்தபோது சொந்தமாக அச்சகம் வைத்தார். கணினி வந்ததும் மகனிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மாடியில் ஆறு கண்ணாடி அலமாரிகள். அவற்றில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான பழைய தமிழ்ப் புத்தகங்கள். சென்ற ஆண்டு அவர் காலமானார். பெயர் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

என் அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்காகப் போனபோதுதான் அவரைச் சந்தித்தேன். நான் வாசிக்கிறவன் என்று தெரிந்ததும் மாடிக்கு அழைத்துப் போனார். "பார்க்கலாம் தம்பி, தொடக்கூடாது" என்றார்.

அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைகளிலிருந்து வந்தவை. தோட்டங்கள் கைமாறி, லயங்கள் காலியானபோது, படிப்பகங்களில் இருந்தவையெல்லாம் லோரியில் ஏறி பட்டர்வொர்த்துக்கு வந்திருக்கின்றன. தமிழ் எழுத்தைக் கண்டால் எடுத்து வைக்கும்படி கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். கிலோ கணக்கில் விலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மூட்டையைப் பிரித்து உட்காருவாராம். "பேப்பர் பொறுக்கப் போறேன்னு வீட்ல சிரிப்பாங்க" என்றார்.

ஒருநாள் அவரே ஒரு மெல்லிய நாவலை எடுத்துக் காட்டினார. முதல் பக்கத்தில் ஊதா மையில் கெடா மாநிலத் தோட்டம் ஒன்றின் இளைஞர் மன்ற முத்திரை. பின்னட்டையின் உள்ளே இரவல் சீட்டு. கடைசியாக இருந்தது அவருடைய பெயர். பத்தொன்பது வயதில் எடுத்த புத்தகம். திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நான் கேட்காமலேயே பதில் சொன்னார். "குடுத்திருந்தா இன்னிக்கு இது எங்க இருக்கும் தம்பி? அந்தத் தோட்டமே இல்ல. தாமான் கட்டிட்டாங்க."

அவர் சொன்னது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. தோட்டம் அழியும் என்று பத்தொன்பது வயதில் அவருக்குத் தெரியாது. பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார். பின்னால் நடந்த ஒன்று, முன்னால் செய்த தவறை எப்படிச் சரியாக்கும்? அந்தப் படிப்பகம் இன்னும் சில ஆண்டுகளாவது திறந்திருந்திருக்கும். பால்மரம் வெட்டிவிட்டு வந்த யாரோ ஒருவர் அந்த நாவலைத் தேடிப் பார்த்து, இல்லையென்று திரும்பியிருப்பார். ஏமாற்றப்பட்டது அவர்தான். இப்போது அந்த நாவல் பிழைத்திருப்பதில் அவருக்கு என்ன கிடைத்தது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்முடைய பழைய அச்சு எப்படிப் பிழைத்தது? நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் நூல் பதிவுச் சட்டம் வந்தது. அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் ஒன்று லண்டனில் இருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போகும். அந்தக் காலத்து பினாங்கு, சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் சிலவற்றை நாம் இன்று லண்டனில் தேட வேண்டியிருப்பது இதனால்தான். 1887 முதல் 1890 வரை வந்த சிங்கை நேசனை இன்று வாசிக்க முடிகிறது. அதற்கு முன், 1870களில் வந்த சிங்கை வர்த்தமானியோ நமக்கு வெறும் பெயர். மலேசியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலிலும் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே தோட்டங்களில் கரையானுக்குப் போனவற்றை எந்தச் சட்டமும் மீட்கப்போவதில்லை. அவற்றுக்கு மிஞ்சியவர்கள் இவரைப் போன்ற பிடிவாதக்காரர்கள்தான்.

அதனால்தான் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. "நான் கிலோ போட்டு வாங்கினப்ப நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?" என்றார். நான் பிறந்தே இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் என்னை மட்டும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

அன்று கீழே யாரோ வந்து அவரை அழைத்தார்கள். அவர் இறங்கிப் போன நேரத்தில் அந்த நாவலை எடுத்து, கைப்பேசியில் பன்னிரண்டு பக்கங்களைப் படம் எடுத்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். தொடக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தார். என்னிடமும் அதே சமாதானம் தயாராக இருந்தது: நாளைக்கு இது அழிந்துவிட்டால்?

பொறியியலாளனாக எனக்கு ஒரு விஷயம் தெரியும். தொழிற்சாலையில் எந்தத் தரவையும் ஒரே பிரதியாக ஒரே இடத்தில் வைக்க மாட்டோம். மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் தாளையே தின்னும். பினாங்குக் காற்றின் ஈரத்தில் தைத்த கம்பி துருப்பிடித்து, பக்கத்தில் பழுப்பாகப் பரவும். பூட்டு திருடனைத்தான் தடுக்கும். ஆகவே அவர் காப்பாற்றினார் என்பது பாதி உண்மைதான். அதற்காக, கேட்காமல் எடுக்கும் உரிமை எனக்கு வந்துவிடுமா? வராது.

அப்படியானால் சேகரிப்பவரிடம் நாம் எதைத்தான் உரிமையோடு கேட்கலாம்? என் பதில் சிறியது: பட்டியல். புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம், படம் எடுக்க விட வேண்டாம். இன்னது இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். இராம சுப்பையா தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' அப்படி ஒரு பட்டியல். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களும் இதழ்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. கதை இல்லை, கவிதை இல்லை. ஆனாலும் எதைத் தேட வேண்டும் என்று நமக்குச் சொல்வது அதுதான். இருக்கிறது என்றே தெரியாத புத்தகத்தை யாரும் கேட்க முடியாது. உரிமையாளர் மறுக்கலாம், மறைக்கக்கூடாது.

இப்போது ஞாயிறுகளில் அவருடைய மகனோடு உட்கார்ந்து பட்டியல் போடுகிறேன். பன்னிரண்டு பக்கங்களைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பட்டியல் வெளிய போகலாம். புத்தகம் வீட்ட விட்டுப் போக வேணாம். அப்பா சொன்னது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

போன வாரம் அந்த நாவலின் முறை வந்தது. உரிமையாளர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்குக் கீழே, முத்திரையில் இருந்த மன்றத்தின் பெயரையும் எழுதினேன். அவர் பார்த்தார். அடிக்கச் சொல்லவில்லை.